டயருக்குள் ஒரு வானொலி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். சிலர் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கத்தரிக்காய் பயிரிடுவார்கள். இன்னும் சிலர் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "துவரம் பருப்பு இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே!" என்று கணக்குக் கேட்பார்கள். இந்த மூன்றாவது ரகம்தான் மிகவும் ஆபத்தானது என்று நான் நினைத்திருந்தேன், நான்காவதாக ஒரு ரகம் உண்டு என்பது தெரிகிற வரையில். என் கணவர் அந்த நான்காவது ரகம். அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டார்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரிக்கவில்லை, அழுதேன்.

குற்றம் முழுவதும் அவருடையது அல்ல. கல்லூரி நாட்களில் சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் நடக்கும் கார்ப் பந்தயத்தைப் பார்க்க, சைக்கிளிலும் பஸ்ஸிலுமாகப் போய்ப் புழுதியில் குளித்துவிட்டு வந்தவர் அவர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனித் தடம் வந்தது. அப்போது எங்களுக்குக் கைக்குழந்தை, வீட்டுக் கடன், மாமியாரின் கண் ஆபரேஷன். பந்தயத்தை மறந்தார், அல்லது மறந்தவர்போல் இருந்தார். பிறகு 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, நடு வீதியில், ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது அல்லவா? அதைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் வாசலில் சிவப்பாக ஒன்று வந்து நின்றது. ஒன்பது வயதான ஜெர்மன் கார். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். விலையைச் சொல்லமாட்டேன், என் அக்கா இந்தப் பத்திரிகையை விடாமல் வாசிப்பவள்.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருவை நீங்கள் பார்த்ததில்லை. தண்ணீர் லாரி வந்தால் பால்காரர் ஒதுங்க வேண்டும். மாடு வந்தால் தண்ணீர் லாரியே ஒதுங்க வேண்டும். தெருக் கோடியில் ஒரு வேகத்தடை. அதில் இந்தக் கார் ஏறும்போது எதிர் வீட்டுப் பையன்கள் குனிந்து அடிவயிறு தட்டுகிறதா என்று பார்த்து, "தட்டலை அங்கிள்!" என்று கூவுவார்கள். இப்படியாக எங்கள் வைபவம் நடந்துகொண்டிருந்தது.

வாங்கி ஒரு மாதத்துக்குள் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. குதிரை லாடம்போல் ஒரு கோடு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. பார்த்தால் ஏதோ சட்டியில் உலை கொதிக்கிற மாதிரி இருக்கும். "என்ன இது?" என்று கேட்டேன். "டயரில் காற்று குறைந்தால் எரிகிற விளக்கு. ஆனால் காற்றெல்லாம் சரியாக இருக்கிறது. சென்சாரில் பாட்டரி தீர்ந்திருக்கும். ஒன்றும் இல்லை" என்றார்.

இரவில் அந்த மஞ்சள் வெளிச்சம் கண்ணை உறுத்தியது. ஒரு நாள் மேடவாக்கம் போகிற வழியில், கைப்பையிலிருந்த ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து பெரிய மெரூன் பொட்டு ஒன்றை எடுத்து, விளக்கின்மேல் ஒட்டிவிட்டேன். "பேஷ்!" என்று அவர் சிரித்தார். ஆமாம், சகோதரிகளே, ஒட்டியது நான்தான். கதையின் பிற்பகுதியில் நான் பெரிய புத்திசாலிபோல் பேசப்போகிறேன். அதனால் இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது.

2025 பொங்கலுக்கு எங்கள் மகள் வந்திருந்தாள். திரும்பிப் போக, தாம்பரத்தில் இரவு ரயில். காரில் இரண்டே பேருக்குத்தான் இடம். அப்பாவும் பெண்ணும் புறப்பட்டார்கள். நான் வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி கழித்து டெலிபோன். மகள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அம்மா, பயப்படாதே. எங்களுக்கு ஒன்றும் இல்லை." இப்படி ஆரம்பித்தால் எந்தத் தாய்தான் பயப்படாமல் இருப்பாள்?

கேம்ப் ரோடுக்கு முன்னால் வண்டி வாலை ஆட்டியதாம், மீன் திரும்புகிற மாதிரி. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உரசாத குறையாகப் போயிருக்கிறது. ஓரம் கட்டிப் பார்த்தால் பின்பக்க இடது டயரில் காற்றே இல்லை. மகள் ஆட்டோ பிடித்து ரயிலைப் பிடித்துவிட்டாள். இவர் சாலையோரம் நின்றார். மாற்றுவதற்கு ஸ்டெப்னி உண்டா என்றால், அதுவும் கிடையாது! இந்தமாதிரி கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு புட்டி பசையும் ஒரு சின்னப் பம்பும்தான் கொடுக்கிறார்கள். (வேல்ஸ் நாட்டு லானெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904-ல் இரண்டு சகோதரர்கள் செய்து விற்ற மாற்றுச் சக்கரம் அது. அந்தத் தெருவின் பெயரை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) நம் நாட்டிலும் 2020-ல் விதியைத் திருத்தி, காற்றழுத்தம் காட்டும் சாதனமும் ஒட்டுப்போடும் சாமானும் இருந்தால் சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்று அனுமதித்துவிட்டார்கள். பசைப் புட்டிகூட ஆணி ஓட்டைக்குத்தான் பயன்படும். கிழிந்த டயருக்கு உதவாது.

மறு நாள் டயர் கடையில் அந்த டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டுக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். கை நிறையக் கறுப்புத் தூள், அரைத்த மிளகுபோல். சைடு முழுவதும் உள்ளுக்குள்ளேயே அரைபட்டிருந்தது. ஒரு ஓரத்தில் சின்ன இரும்புத் துண்டு குத்தியிருந்தது. மேடவாக்கம் சாலையில் மெட்ரோ ரயில் வேலை தொடங்கியதிலிருந்து ஆணிக்கும் போல்ட்டுக்கும் பஞ்சமில்லையே. "ஒரே நாளில் இறங்கிய காற்று இல்லை அம்மா. நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. விளக்கு எரியவில்லையா?" என்று கேட்டார்.

எரிந்தது. இரண்டு மாதமாக எரிந்தது. அதனால்தான் எரிந்தது தெரியவில்லை. நான் என் கணவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து இந்தச் சமாசாரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நம் வீட்டுக் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம். ஏறினால் ஆபத்து என்பதால் குண்டு, விசில், அதற்குமேல் ஒரு பாதுகாப்பு வால்வு. டயரில் இதைப்போல் இரண்டு மடங்குக்குமேல் அழுத்தம். அங்கே ஆபத்து பெரும்பாலும் இறங்குவதில்தான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் வயிறு பிதுங்கி மடிகிறது. மடிய மடியச் சூடேறி, உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் விட்டுப்போகின்றன. இவ்வளவு நடந்தாலும் விசில் மட்டும் வராது. அந்த விசில்தான் சென்சார்.

வால்வின் அடியில், சக்கரத்துக்குள்ளே, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. எலுமிச்சம்பழத்தின் எடைகூட இராது. அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து, தன் அடையாள எண்ணோடு சேர்த்துக் காருக்கு வானொலி அலையில் சொல்லும். பாட்டரியை மாற்ற முடியாதபடி பிசினில் மூடி வைத்திருக்கிறார்கள். ஐந்து முதல் பத்து வருஷம் உழைக்கும். பிறகு பெட்டியையே மாற்ற வேண்டும். எங்கள் காருக்கு வயது ஒன்பது என்று சொன்னேன் அல்லவா? நாலில் மூன்று பேச்சு மூச்சில்லாமல் போயிருந்தன.

இந்த ஏற்பாடு முதலில் வந்ததே ஒரு ஸ்போர்ட்ஸ் காரில்தான்: 1986-ல் வந்த போர்ஷே 959. சாதாரண மனிதர்களின் கார்களுக்கு இது வந்த கதை சோகமானது. அமெரிக்காவில் டயர் கிழிந்து கார்கள் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, 2000-ல் சட்டம் செய்தார்கள். காற்று நாலில் ஒரு பங்கு குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது அங்கே விதி.

புது டயர் போட்டாயிற்று. சென்சார் வாங்க வேண்டும். இவர், "செத்துப்போன மூன்றை மட்டும் மாற்றலாமே" என்றார். ஒரே நாளில் ஒரே துணியில் தைத்த நாலு ரவிக்கையில் மூன்று கிழிந்துவிட்டால், நாலாவது எத்தனை நாள் வரும்? அது போகிற அன்று மறுபடி டயரைக் கழற்றிக் கூலி கொடுக்க வேண்டும். நாலையும் மாற்றுவது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

இங்கே விசாரித்தால் விலை மலைக்க வைத்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, "அப்பா, இங்கே மூன்றில் ஒரு பங்கு விலைதான். அதே கம்பெனி, அதே கார். சித்திரையில் வரும்போது வாங்கி வருகிறேன்" என்றான். வந்தான். பாதாம் பருப்புக்கும் பேரனின் காலுறைக்கும் நடுவில் நாலு பெட்டி. ஒரு கடையில் கொடுத்தோம். பெட்டியைப் பிரித்தார்கள், மாட்டினார்கள், டயரை ஏற்றினார்கள், பணம் வாங்கிக்கொண்டார்கள். விளக்கு எரிந்தது. "ஓட ஓட அணைந்துவிடும்" என்றார்கள். கோவளம் வரை போய் வந்தோம். கடல் காற்று நன்றாக இருந்தது. விளக்கும் நன்றாகவே எரிந்தது.

அப்புறம் இருநூறு அடி சாலையில் வேறொரு கடை. அங்கே ஒரு தம்பி, கையில் டெலிபோன்போல் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் காட்டினான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "அம்மா, நாலும் உயிரோடுதான் இருக்கு. ஆனா 315-ல் பேசுது. உங்க வண்டி 433-ல் கேக்குது."

புரிந்ததா? எனக்குப் புரிந்துவிட்டது. ரேடியோ முள்ளைச் சென்னை நிலையத்தில் வைத்துக்கொண்டு, இலங்கை வானொலியில் பாட்டு வரவில்லையே என்று பெட்டியைத் தட்டினால் வருமா? அமெரிக்காவில் இந்தக் கார்களின் சென்சார் 315 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. ஐரோப்பாவுக்கும் நமக்கும் 433. பெட்டிக்கு வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. "போகட்டும் விடுடா, பாதாம் பருப்பு சரியான அலைவரிசையில்தான் இருக்கிறது" என்றேன்.

ஆக, சென்சார் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது விலையை அல்ல, முதலில் அலைவரிசை. இதற்குள் நான் கடையிலிருந்த ஸ்டூலில் சௌகரியமாக உட்கார்ந்து, புடவைக் கடையில் கேட்பதுபோல் கேட்க ஆரம்பித்திருந்தேன். கார்க் கம்பெனியின் அசல் சரக்கா, எந்தக் காருக்கும் எழுதிக்கொள்ளும்படியான பொதுச் சரக்கா? பொதுச் சரக்கு விலை குறைவு. கருவியால் எழுதி நம் காரின் பாஷையைப் பேச வைக்கலாம். பழைய சென்சாரின் எண்ணையே அதில் நகல் எடுக்கலாம். ஆனால் பழையது உயிரோடு இருந்தால்தான் அதன் எண்ணைக் கருவியால் கேட்டு வாங்க முடியும். எங்களுடையதில் மூன்று போய்விட்டதால் அந்த வழி அடைத்துவிட்டது. புது எண்களைக் காருக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். எப்போது தயாரித்தது? பாட்டரிக்கு வயது, பெட்டிக்குள் தூங்கும்போதும் ஏறும். வால்வு ரப்பரா, உலோகமா? வேகமாகப் போகிற காருக்கு உலோகம்தான், திருகி முறுக்குவது.

வேண்டியதெல்லாம் பொருந்திய பொதுச் சரக்கு நாலு எடுத்தோம். இந்தத் தடவை டயரில் போடுவதற்கு முன்பே மேஜைமேல் வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் கருவியால் எழுப்பச் சொன்னேன். எண், சூடு, பாட்டரி, அலைவரிசை எல்லாம் வந்தன. அழுத்தம் பூஜ்யம் என்று நாலும் ஒன்றுபோல் சொன்னது. இந்த ஐந்து நிமிஷ வேலையை முதல் கடையில் செய்திருந்தால் ஒரு நாள் கூலியும் கோவளம் பெட்ரோலும் மிச்சம்.

மாட்டும்போது ஒரு சம்பவம். வால்வுக்குள் போடும் ஊசியை, அந்தத் தம்பி மேஜையில் இருந்த டப்பாவிலிருந்து எடுத்தான். பொன் நிறம். சென்சாரோடு வந்த ஊசியோ வெள்ளி நிறம். நகைக் கடையில் பழகிய கண் அல்லவா, உடனே பிடித்துவிட்டேன். "ஏன் தம்பி, இதோடு வந்த ஊசி எங்கே?" அலுமினிய வால்வில் வெறும் பித்தளை ஊசியைப் போட்டால், ஈரமும் உப்பும் சேர்ந்து இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு ஊசியைக் கழற்றும்போது வால்வே முறிந்துவிடும். அதற்காகத்தான் நிக்கல் பூசிய ஊசி. நம் ஊருக்கோ கடற்காற்று கூப்பிடு தூரம். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வெள்ளி ஊசியைப் போட்டான். அதற்குப் பிறகு என்னை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

காற்றடித்ததும் வால்வின் அடியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், காஸ் சிலிண்டருக்குச் செய்வதுபோலவே. குமிழி இல்லை. புது எண்களைக் கருவியால் காருக்குச் சொல்லிக்கொடுத்தான். விளக்கு அணைந்தது. என் கணவர் கைதட்டினார். நான் தட்டவில்லை.

ஏன் என்றால், விளக்கு அணைவது பரீட்சை அல்ல. எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்பதல்லவா பரீட்சை?

மறு நாள் விடியற்காலை. டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிவிட்டு வந்தால் மூன்று நாலு பவுண்டு அதிகமாகக் காட்டும். இவர் கேஜை வைத்து அளந்தார். நான் உள்ளே உட்கார்ந்து முகப்பைப் படித்தேன்.

"முன் இடது 33!" என்றார் வெளியிலிருந்து.

"இங்கே 2.3 பார் என்று போட்டிருக்கிறது!"

"எதைப் பார்?"

"ஒன்றையும் பார்க்க வேண்டாம், 2.3 பார்!"

ஒரு பார் என்பது பதினாலரைப் பவுண்டு என்று காகிதத்தில் பெருக்கிக் காட்டி இந்தத் தகராறைத் தீர்ப்பதற்குள் பால்காரர் வந்துவிட்டார். நாலு சக்கரமும் கேஜோடு ஒத்துப்போயின.

அடுத்தபடி, வேண்டுமென்றே காற்றை இறக்குவது. இவருக்கு மனசே வரவில்லை. "எல்லாம் சரியாக இருக்கும்போது எதற்கு?" என்றார். "கேம்ப் ரோடில் எதற்கோ, அதற்கு" என்றேன். பேசாமல் குனிந்தார். முன் இடதில் 2.0-க்கு இறக்கி, மெதுவாகத் தெருவைச் சுற்றி வந்தோம். மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்தது, முன் இடது என்று சரியாகக் காட்டிக்கொண்டு. இன்னும் இறக்கினோம், 1.7-ல் சிவப்பு. காற்றடித்தோம், அணைந்தது. முன் வலதும் அப்படியே.

"போதும், இரண்டும் சரியாகத்தானே இருக்கின்றன" என்றார். நாலையும் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பின் இடதில் இறக்கினார். முகப்பில் பின் வலது சிவந்தது!

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எண்களைச் சொல்லிக்கொடுக்கும்போது பின் சக்கரங்கள் இரண்டின் எண்ணும் இடம் மாறிவிட்டிருக்கிறது. நடு ராத்திரியில் இடது டயர் இறங்கும்போது, இவர் இறங்கி வலது டயரைத் தட்டிப் பார்த்து, "ஒன்றும் இல்லை, விளக்குக்குத்தான் பைத்தியம்" என்று சொல்லியிருப்பார். நிச்சயமாகச் சொல்லியிருப்பார், முப்பத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த மனிதர். அதுவும் எந்தச் சக்கரம் பாருங்கள், அதே பின் இடது. கடைக்குப் போனோம், தம்பி இரண்டு நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. திரும்பி வந்து மறுபடி நாலையும் இறக்கி ஏற்றினோம். எதிர் வீட்டுப் பையன்களுக்கு அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. அவர்கள் அதைவிட நல்ல வேடிக்கை பார்த்ததில்லை.

பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை போகவில்லை, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இப்போதும் வட்டமாக ஒரு மங்கல் தெரிகிறது. சாவியைப் போட்டதும் அந்த வட்டத்துக்குப் பின்னால் லாட விளக்கு ஒரு விநாடி எரிந்து, 'இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு அணைகிறது. அது அணைகிற வரையில் நான் பெல்ட்டைப் போட்டுக்கொள்வதில்லை.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் மாமல்லபுரம் போகலாம் என்று புறப்பட்டோம். விளக்கு எரிந்தது, அணையவில்லை. நாலு சக்கரமும் ஒன்றுபோல் 0.3 குறைவு. ஆணி இல்லை, ஓட்டை இல்லை. ஆவணியில் அடித்த காற்று. மாதத்துக்கு ஒரு பவுண்டு தானாகவே கசியும், பத்து டிகிரி குளிர்ந்தால் ஒன்றரைப் பவுண்டு சுருங்கும். இவர் முகப்பைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"பொட்டு கிடைக்காது" என்றேன். "நேரே பெட்ரோல் பங்குக்கு விடுங்கள்."